தூரமும் அறமும்: ஒரு பழைய கணனி விளையாட்டு எழுப்பும் வினா

மனிதனின் கண்ணை மிக எளிதில் ஏமாற்றுவது தூரமாகும். வெளியின் கோடியில் நிற்கும் பனை, முற்றத்து முருங்கையிலும் சிறிதாகத் தோன்றுகின்றது. அது சிறிதன்று என்பதை நாம் அறிவோம்; ஏனெனில் அதன் அடிவரை சென்று வந்திருக்கின்றோம். ஆனால் மனிதர் விடயத்தில் இவ்வறிவு எப்பொழுதும் நமக்குக் கைகொடுப்பதில்லை. தொலைவில் நிகழும் பெருந்துன்பம் நமக்குச் செய்தியாகி விடுகின்றது. அயலில் நிகழும் சிறுதுன்பமோ நம்மைத் துயிலவிடாது வருத்துகின்றது. தூரம் துன்பத்தின் அளவைக் குறைக்குமா? குறைக்காதெனில், எல்லாரையும் ஒரே அளவிற் காணும் பார்வையே அறப்பார்வையாகுமா?

இவ்வினாக்களைச் சிறுவர்க்கென ஆக்கப்பட்ட ஒரு கணனி விளையாட்டின் துணைகொண்டு ஆராய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டை முன்வைத்து அறம் பேசுதல் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும், சூதாட்டத்தில் நாட்டை இழந்தவனின் கதையை அறநூலாகப் போற்றும் மரபில் வந்த நமக்கு அது புதிதன்று.

பெரியம்மாவின் கேள்வி

1987ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் இக்கட்டுரையாளர் இலண்டனில் உறவினர் வீடொன்றிற் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து மகனிடம் வந்து சேர்ந்திருந்த பெரியம்மாவும் அவ்வீட்டிலிருந்தார். அவருடைய பத்து வயதுப் பேரனிடம் 'இசெட்எக்ஸ் ஸ்பெக்ரம்' என்னும் வீட்டுக்கணனி ஒன்று இருந்தது. பிரித்தானியாவின் சின்கிளேயர் நிறுவனம் 1982இல் வெளியிட்ட இக்கருவி ஒரு புத்தகத்தின் அளவினது. அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு தொடுத்து, ஒலிநாடாப் பெட்டியிலிருந்து விளையாட்டை ஏற்றவேண்டும். ஏறி முடியும்வரை நாடா கீச்சிடும். திரையின் ஓரங்களில் நிறக்கோடுகள் ஓடும். அவ்வோசை தொடங்கியதும் பெரியம்மா செபமாலையை நிறுத்திவிட்டு எழுந்து வருவார்.

அன்று பையன் ஆடியது 'நைற் லோர்' என்னும் விளையாட்டு. 'அல்ற்றிமேற் பிளே த கேம்' என்ற பெயரில் இயங்கிய ஸ்ராம்பர் சகோதரர்களின் நிறுவனம் அதனை 1984இல் வெளியிட்டது. சேபர்மன் என்னும் வீரன் ஒரு சாபத்துக்கு ஆளானவன். பகலில் மனிதனாகவும் இரவில் ஓநாய் மனிதனாகவும் திரிகின்றான். 128 அறைகளைக் கொண்ட கோட்டையினுள் அலைந்து, மந்திரவாதியின் கொப்பரைக்கு வேண்டிய பொருள்களைத் தேடிச் சேர்த்து, 40 நாள்களுக்குள் அவன் சாபவிமோசனம் பெறவேண்டும். திரையின் அடியில் ஞாயிறும் திங்களும் மாறிமாறி நகர்ந்து பொழுதைக் காட்டும்.

அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் உருவங்கள் கடதாசியில் வெட்டி ஒட்டியவைபோலத் தட்டையாக ஓடித் திரிந்தன. நைற் லோரிலோ அறைக்கு நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் இருந்தன. வீரன் கற்களின்மீது ஏறினான். மேசையின் பின்னாற் சென்று மறைந்தான். பெட்டியைத் தள்ளிச் சென்று அதன்மேல் நின்று தாவினான். சிறிது நேரம் உற்றுப் பார்த்திருந்த பெரியம்மா கேட்டார்:

"தம்பி, உவன் அங்காலை போயும் ஏன் சின்னனாகேல்லை?"

அவர் ஓவியக்கலை பயின்றவரல்லர். ஆயினும், பயின்றோர் பலர் கவனியாத ஒன்றை அவர் கண்டுகொண்டார். அவ்வறையில் அருகே நிற்பவனும் தொலைவில் நிற்பவனும் ஒரே அளவினராகவே இருந்தனர்.

வரைதலின் இருமுறைகள்

தூரத்தைத் தளத்தில் வரைந்து காட்டுவதற்கு இரு பெருவழிகள் உண்டு. ஒன்று, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் வளர்த்தெடுத்த தூரதரிசன முறை. அதிற் சமாந்தரமான கோடுகள் தொலைவில் ஒரு மறைபுள்ளியிற் கூடுகின்றன. பொருள்கள் விலகவிலகச் சிறுக்கின்றன. புகைவண்டிப் பாதையின் நடுவே நின்று நோக்குவோர்க்கு இஃது எளிதில் விளங்கும். இம்முறை ஒரு கண்ணை, அஃதாவது ஓரிடத்தில் நிற்கும் ஒருவனை, வேண்டி நிற்கின்றது. உலகம் முழுவதும் அவனுக்காக அளவு மாறுகின்றது.

மற்றையது சமவளவு எறியம். இதிற் சமாந்தரக் கோடுகள் எங்கும் கூடுவதில்லை. மறைபுள்ளி என்பதே இல்லை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று அச்சுகளும் தாளில் ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில் அமைகின்றன. அவற்றின் வழியே அளக்கும் அளவுகள் எல்லாம் ஒரே விகிதத்தின. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் பாரிஷ் 1822இல் இம்முறைக்கு ஒழுங்கான விளக்கம் தந்தார். விரிவுரைகளிற் காட்டுதற்காக அவர் பொறிகளின் மாதிரிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றியும் பூட்டியும் வந்தார். தாம் அருகில் இல்லாதபோதும் உதவியாளர் அவற்றைப் பிழையின்றிப் பூட்டுவதற்கு ஏற்ற வரைபடம் அவருக்குத் தேவைப்பட்டது. பார்ப்பவன் எங்கு நின்றாலும் அளவு பொய்யாகாத படமே அதற்கு உதவும். சீனச் சுருளோவியங்களும் இதற்கு உறவான சமாந்தர எறியங்களைப் பன்னெடுங்காலமாகக் கையாண்டுள்ளன.

கணனி விளையாட்டை ஆக்கியோர் இம்முறையைத் தேர்ந்ததற்கு அறநோக்கம் ஏதும் காரணமன்று. வசதிக்குறைவே பெரிதுங் காரணம். ஸ்பெக்ரம் கணனியின் நினைவகம் 48 கிலோபைற் மட்டுமே. உருவங்கள் தூரத்துக்கேற்பப் பெருத்தும் சிறுத்தும் தோன்றவேண்டுமாயின், ஒவ்வோர் அளவுக்கும் வேறு படம் வேண்டும். அல்லது ஒவ்வொரு கணமும் கணித்து வரையவேண்டும். சமவளவு எறியத்திலோ ஒரு கல்லின் படம் அறையின் எம்மூலைக்கும் பொருந்தும். திரையின் சிறு கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிறங்களுக்கு மேல் இடமில்லாமையால் ஒவ்வோர் அறையும் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டது. பல பொருள்கள் ஒருங்கே அசைந்தால் விளையாட்டின் வேகமே தளர்ந்தது. அவ்வுலகின் சமத்துவம் இவ்வாறு வறுமையிற் பிறந்ததாகும்.

சம மதிப்பும் சம கவனமும்

காட்சியின் விதிகளுக்கும் அறத்துக்குமுள்ள தொடர்பை முதலிற் கண்டவர் நாமல்லர். அடம் சிமித் 1759இல் வெளியிட்ட ஒழுக்கவுணர்ச்சிகள் பற்றிய நூலில், தமது அறையின் சாளரத்தூடாகத் தெரியும் மலைகளை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். பெருமலைகள் அச்சிறு சாளரத்துள் அடங்கிவிடுகின்றன. அவற்றின் மெய்யளவை அறியவேண்டுமெனில், கற்பனையிலேனும் இருக்கையை விட்டெழுந்து வேறோரிடத்தில் நின்று நோக்கவேண்டும். சீனாவில் நிகழும் பேரழிவினும் தன் சுண்டுவிரலின் இழப்பே ஒருவனைத் துயிலாது வருத்தும் என அவர் எழுதியதும் இதனோடு தொடர்புடையது. 1971இல் கிழக்கு வங்காளத்து அகதிகள் பட்ட துயரை முன்னிட்டுப் பீற்றர் சிங்கர் எழுதி 1972இல் வெளிவந்த கட்டுரையோ இன்னும் கண்டிப்பானது. உதவும் கடமையைத் தூரம் சிறிதும் குறைப்பதில்லை என்பது அவர் துணிபு. நம் மரபிலும் இக்குரல் உண்டு. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை மேடைதோறும் முதலடியோடு நிறுத்திவிடுகின்றோம். அதன் முடிவு மனிதரைப் பெரியோர், சிறியோர் எனப் பிரித்து மதிப்பிடும் வழக்கத்துக்கு எதிரானது என்பதை மறந்துவிடுகின்றோம்.

இவர்களெல்லாரும், ஒருவகையில், உலகைச் சமவளவு எறியத்தில் வரையுமாறு நம்மை வேண்டுகின்றனர் எனலாம். இதற்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. தாய்க்குத் தன் பிள்ளை பெரிதாகத் தோன்றாவிடின் அவள் தாயாவது எங்ஙனம்? உற்றாரையும் அயலாரையும் ஒரே அளவிற் காண்பவன் நீதிமானாக இருக்கலாம். நல்ல மகனாகவோ நண்பனாகவோ இருத்தல் கூடுமா?

இம்மறுப்புக்கான விடை அவ்விளையாட்டினுள்ளேயே இருக்கின்றது. கோட்டையில் 128 அறைகள் உள. ஆனால் வீரன் ஒரு வேளையில் ஓர் அறையிலேதான் நிற்கமுடியும். அவன் தள்ளும் கல் அவ்வறைக் கல்லே. அதனால் ஏனைய அறைகள் சிறுத்துப் போவதில்லை. அவனுடைய கைக்கு எட்டாதிருக்கின்றன, அவ்வளவே. ஆகவே மதிப்பு வேறு, கவனம் வேறு. தாய் தன் பிள்ளைக்குக் கூடுதலான கவனத்தை அளிக்கின்றாள், அளிக்கவும் வேண்டும். அயலாள் பிள்ளையின் உயிர் தன் பிள்ளையின் உயிரிலும் சிறிதெனக் கருதும்போதே அவள் பிழை செய்கின்றாள். அன்பு நாம் எந்த அறைக்குட் செல்கின்றோம் என்பதைத் தீர்மானிக்கலாம். மற்றைய அறைகளின் அளவைத் தீர்மானிக்க அதற்கு உரிமையில்லை.

உயரமா, தூரமா?

இவ்வளவோடு சமவளவுப் பார்வையை அறப்பார்வையென முடித்துவிடலாமா எனின், முடியாது. அம்முறைக்குத் தீராத குறையொன்று உண்டு. அதில் ஒரு பொருளைப் பின்னே தள்ளினால் அது படத்தில் மேலேறுகின்றது. அதே பொருளை நின்ற இடத்திலேயே உயர்த்தினாலும் மேலேறுகின்றது. எனவே தொலைவில் நிலத்திற் கிடக்கும் கல்லும், அருகே அந்தரத்தில் நிற்கும் கல்லும் படத்தில் ஒரே புள்ளியில் ஒரே உருவாகத் தோன்றலாம். தூரதரிசன முறையில் அளவைக்கொண்டு இவற்றைப் பிரித்தறியலாம். இங்கே அளவு மாறாமையால் அவ்வுதவியும் இல்லை. எல்லாவற்றையும் சமமாகக் காட்டிய படம் எது உயரம், எது தூரம் என்பதைச் சொல்லாமல் விடுகின்றது.

நைற் லோர் ஆடியோர் அனைவரும் இதனால் உயிரிழந்தவர்களே. கல்லொன்று அருகிலிருப்பதாக எண்ணித் தாவுவர். அது வேறிடத்தில் நிற்க, இவர் முட்களின்மேல் வீழ்வர். கண்ணால் எத்துணை உற்று நோக்கினும் தீராத ஐயம் அது. வீரனை அங்கே நடக்கவிட்டு, கல்லில் முட்டவைத்து, அதன் முன்னும் பின்னும் போகவிட்டே உண்மையை அறியமுடிந்தது. மெய்யியலறிஞர் தோமஸ் நேகல் 1986இல் வெளியிட்ட நூலில், எவருடையதுமல்லாத இடத்திலிருந்து நோக்கும் பார்வையின் வலிமையையும் எல்லையையும் ஆராய்ந்தார். தனித்தொருவனின் நோக்கைவிட்டு மேலெழுதல் அறிவுக்கும் அறத்துக்கும் இன்றியமையாதது. ஆனால் அந்நோக்கை முற்றாகத் துறந்தால் வாழ்வின் சில உண்மைகள் காணாமற் போகின்றன என்பது அவர் காட்டிய சிக்கல். அதையே பத்து வயதுப் பையன் முட்களின்மேல் வீழ்ந்து வீழ்ந்து கற்றுக்கொண்டான்.

கிணற்றடி

இனி இவ்வுண்மையை ஊர்மேல் வைத்துப் பார்ப்போம். புங்குடுதீவு மக்கள் நெடுங்காலமாகவே கொழும்பு முதலிய நகரங்களில் வணிகஞ் செய்து, ஊருக்கு வந்துபோய் வாழ்ந்தவர்கள். 1983இன் பின்னர் அவர்களிற் பலர் கடல் கடந்தனர். 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தைப் பெருமளவு வெறுமையாக்கியது. இன்றும் ஆளில்லாத வளவுகள் அங்கே பல. அவ்வாறு பிரிந்தோரின் நினைவில் ஊர் சிறுப்பதில்லை. படலை, பூவரசு வேலி, பள்ளிக்கூடம், குறிகட்டுவான் துறையில் நைனாதீவுப் படகுக்குக் காத்திருந்த வேளை ஆகிய யாவும் முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின்னும் அதே அளவில் நிற்கின்றன. நினைவு சமவளவு எறியத்திலேயே வரைகின்றது. அது பிரிந்தோர்க்கு வாய்த்த பேறு.

ஆயினும் அப்படத்துக்கும் முற்கூறிய குறை உண்டு. மேலே இருப்பது தொலைவிலிருப்பதாகத் தோன்றும் அப்படத்தில், கீழே வைக்கப்பட்டது அருகிலிருப்பதாகத் தோன்றும். 'அந்தக் காலத்தில் அவர்களெல்லாம் எங்கள் வளவுக்குள் பிள்ளைகள்போலப் புழங்கினார்கள். எவ்வித வேற்றுமையும் இருந்ததில்லை' என்று ஊரைப்பற்றிக் கூறுவோரை நாம் கேட்டிருக்கின்றோம். அவர்கள் பொய்யுரைப்பதில்லை, தாழ்வை அண்மையெனக் காண்கின்றனர். வளவுக்குட் புழங்கியவர் அவ்வளவின் கிணற்றில் தம் கையால் நீரள்ளினாரா என்னும் வினாவை அப்படம் எழுப்புவதில்லை.

அவ்வினாவை ஊரிலேயே நின்று எழுப்பியவர் ஒருவர் இருந்தார். எழுத்தாளரும் சிந்தனையாளருமான மு. தளையசிங்கம் (1935–1973) புங்குடுதீவைச் சேர்ந்தவர். 'போர்ப்பறை' போன்ற நூல்களில் மனித குலம் முழுவதன் அடுத்த படிமலர்ச்சியைப்பற்றிச் சிந்தித்த அவருடைய பார்வை மிக அகன்றது. உலகையெல்லாம் ஒரு படத்தில் வரைந்து பார்க்க முயன்றது. ஆனால் அவர் அதனோடு அமையவில்லை. நன்னீர் அரிதான அத்தீவில், கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் நீரள்ளும் உரிமைக்காக 1971இல் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, தாக்குதலுக்கும் கைதுக்கும் ஆளானார். மனிதரெல்லாம் சமம் என்பது ஏட்டில் ஒரு கோடு. கிணற்றடிவரை நடக்கும்போதே அக்கோட்டில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்பது தெரியவருகின்றது. அங்கே தூரம் சில முழமே. உயரமோ பல தலைமுறைகளாகக் கட்டியெழுப்பப்பட்டது.

தூரம் அறவுணர்வை மங்கச் செய்கின்றது எனக் கூறும் மெய்யியலாளர் பெரும்பாலும் கடல்களையும் கண்டங்களையுமே கருதுகின்றனர். ஒரே கிணற்றைச் சூழ நின்றவர்களிடையேயும் ஒருவரை மற்றவர் சிறியராகக் காண இயலும் என்பதை நம் ஊர் நமக்குக் கற்பித்திருக்கின்றது.

தலையும் பாதமும்

சமவளவு விளையாட்டுகளுள் மிகச் சிறந்ததெனப் பலராலும் மதிக்கப்படுவது 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்'. ஜோன் றிற்மன் நிரலாக்க, பேர்னி டிரமண்ட் உருவங்களை வரைய, ஓஷன் நிறுவனம் 1987இல் அதனை வெளியிட்டது. அதில் வீரர் இருவர். ஒருவன் தலை, மற்றவன் பாதம். தலை உயரத் தாவுவான். அந்தரத்திலேயே திசை திரும்புவான். ஆனால் விரைந்து ஓடமாட்டான். பாதம் விரைந்து ஓடுவான். பொருள்களைத் தூக்கிச் செல்வான். ஆனால் உயரத் தாவமாட்டான். தொடக்கத்தில் இருவரும் பகைவர் சிறையில் வெவ்வேறிடத்தில் அடைபட்டிருக்கின்றனர். ஒருவனால் தனித்துக் கடக்கமுடியாத அறைகள் பல. இருவரையும் தேடிச் சேர்த்து, ஒருவன்மேல் ஒருவனை ஏற்றி வைக்கும்போது இருவர் ஆற்றலும் ஒன்றாகின்றது.

இவ்விளையாட்டை ஆக்கியோர் அறநூல் எழுத எண்ணியவரல்லர். எனினும் நாம் தேடிவந்த விடைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தலரிது. தொலைவிலுள்ளோரையும் சிறுக்கவிடாது நோக்கும் பார்வை தலையின் பணி. நிலத்தில் நடந்து, உயரத்தையும் தூரத்தையும் பிரித்தறிவது பாதத்தின் பணி. முன்னையது மட்டும் இருந்தால், சமத்துவம் பேசிக்கொண்டே முட்களில் வீழ்வோம். பின்னையது மட்டும் இருந்தால், நம் அறையே உலகமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்த நகரொன்றில் ஊரார் கூடிய கூட்டமொன்றில் இக்கட்டுரையாளர் இருந்தார். சேர்ந்த பணத்தைக் கொண்டு ஊரிற் குடிநீர்க் கிணறொன்று அமைப்பதென முடிவாயிற்று. கோபுர வேலையைப் பேசியவர்களும் விட்டுக்கொடுத்தனர். ஊரின் படமொன்றை மேசையில் விரித்து, எல்லாக் குறிச்சிகளுக்கும் சம தூரத்தில், நீதியாக, ஓரிடத்தைக் குறித்தனர். கூடியிருந்தோரில் எவரும் அவ்விடத்தை அண்மையிற் கண்டவரல்லர். பின்னர் ஊரிலிருந்த ஆசிரியை ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கூறினார்: "அண்ணை, நீங்கள் சொல்லுற இடம் உவர். ஆடி, ஆவணியிலை ஆடுமாடும் அந்தத் தண்ணியிலை வாய் வைக்காது. ஒருக்கால் ஆரும் வந்து பாத்திட்டுச் செய்யுங்கோவன்."

அவர்களுடைய நீதியில் எவ்விதக் குறையும் இருந்ததில்லை, படமும் பிழையானதன்று. உவர் படத்தில் தெரியாது. நாவிலேதான் தெரியும்.

ஆகவே தூரம் அறக்கடமையைக் குறைப்பதில்லை என்பதையும், தூரத்திலிருந்தே அதனை ஆற்றிவிட முடியாது என்பதையும் நாம் ஒருங்கே ஏற்கவேண்டியவராகின்றோம். எல்லாரையும் ஒரே அளவிற் காண்பது அறத்தின் தொடக்கம். அவ்வாறு கண்டபின் எழுந்து செல்வது, செல்ல இயலாதெனின் அங்கு நடப்பவரின் சொல்லைக் கேட்பது, அதன் எஞ்சிய பாதி.

பெரியம்மா மீண்டும் இறுப்பிட்டிக்குப் போகவில்லை. அன்று அவர் கேட்ட கேள்விக்கு, "படம் கீறினவை அப்பிடித்தான் கீறியிருக்கினம், பெரியம்மா" என்றே இக்கட்டுரையாளர் விடையிறுத்தார். அது விடையாகாது என்பது அன்றே தெரிந்திருந்தது. பெரியம்மா சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நல்லாத்தான் கீறியிருக்கினம்" என்று கூறி, விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்.